சோழவரத்துக்கு ஒரு கிட் கிடையாது

பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் இருக்கும். பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள், ரப்பர் டயர்கள், ஸ்டிக்கர் தாள், எதை எதோடு ஒட்ட வேண்டும் என்று எண் போட்டுக் காட்டும் படங்கள். ரெவெல், ஏ.எம்.டி. போன்ற அமெரிக்க நிறுவனங்கள் பழைய டிராக் ரேஸ் கார்களை 1:25 அளவில் இப்படித்தான் விற்றன. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு கல்லூரி மாணவன் அதை வாங்கி ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைத்தால் அது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அந்த உழைப்பில் பாதியை அவன் தன் ஊருக்குப் பக்கத்தில் ஓடிய கார்களுக்குக் கொடுத்தால் என்ன?

டிராக் ரேஸ் ரொம்ப எளிமையான பந்தயம். நேரான பாதை, இரண்டு கார்கள், கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, தேவையில்லாததை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, என்ஜினை மட்டும் பெரிதாக்கி ஓட்டினார்கள். ஓட்ட இடம்? கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிகளும், ராணுவம் விட்டுப்போன விமான ஓடுதளங்களும். 1951-ல் இதை ஒழுங்குபடுத்த என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பு வந்தது. கார் கிளம்பும்போது எடை பின்னால் சாயும். அதைத் தாங்கித் தரையைப் பிடிக்கத்தான் பின்னால் பட்டன் இல்லாத அகலமான டயர், முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லியான டயர். மாடல் செய்கிறவனுக்கு இந்தக் காரணம் புரிந்தால்தான் மாடல் சரியாக நிற்கும்.

இனி சென்னைக்கு வருவோம். செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வந்த பிறகு அந்தக் கூட்டம் அங்கே போய்விட்டது. சோழவரத்தில் பேர் பெற்றது டிராக் ரேஸ் அல்ல, சுற்றிவரும் பந்தயம்தான். ஆனாலும் இரண்டும் பிறந்த விதம் ஒன்று. போர் மிச்சம் வைத்த தார்ப்பாதை, கிடைத்த காரைப் பிரித்து வேறு காராக மாற்றும் ஆட்கள். ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே அப்படித்தான் பந்தயக் கார்கள் ஆயின. கோவை கரிவரதன் ஹெரால்டை அடிப்படையாக வைத்து 'பிளாக் பியூட்டி' என்று ஒரு காரையே கட்டினார்.

வடசென்னைக்கு இதில் சொந்தம் கொண்டாட நிறைய இருக்கிறது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. புல்லட் திருவொற்றியூரில் தயாரானது. எம்.ஆர்.எஃப். 1946-ல் அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி. பின்னர் டயருக்குப் போய், பந்தயத்துக்கும் போனது. அமெரிக்காவில் 1970-ல் மேட்டல் என்ற பொம்மை நிறுவனம் 'ஸ்நேக்', 'மங்கூஸ்' என்ற இரண்டு டிராக் கார்களுக்குப் பணம் கொடுத்து, அவற்றையே ஹாட் வீல்ஸ் பொம்மைகளாக விற்றது. பொம்மைக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவு வடசென்னைக்கும் புதிதல்ல.

அப்படியானால் சோழவரத்துக் கார்களுக்கு ஏன் கிட் இல்லை? வணிகக் கணக்கு எளிது. ஒரு கிட்டுக்கு அச்சு வெட்ட ஆகும் செலவு, ஆயிரக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். அவ்வளவு பேர் வாங்க மாட்டார்கள். நிறுவனம் உயிரோடு இருந்தால் அது தன் வண்டியைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். ராயல் என்ஃபீல்ட் 2022-ல் கிளாசிக் பைக்கின் 1:3 மாடலைச் சுமார் 68,000 ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனி மூடியே போய்விட்டது. அந்தக் காரைப் பிரித்து வேகமாக்கிய மெக்கானிக்குக்குக் கம்பெனியே கிடையாது. அவர் வேலையை யார் நினைவில் வைப்பது?

வெளிநாட்டு கிட்டும் மலிவல்ல. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. ஸ்கேல் மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. கையால் செய்வதற்கோ பிளாஸ்டிக் ஷீட், பி.வி.சி. குழாய், செம்புக் கம்பி, உப்புத்தாள், டிங்கரிங் கடைப் பட்டி போதும். சக்கரம் கடைந்து தர வடசென்னையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? ஹெரால்டின் நீளம் சுமார் 3.9 மீட்டர். 1:25-ல் பதினைந்தரை சென்டிமீட்டர், ஒரு பேனாவைவிடக் கொஞ்சம் பெரிது. டிராக் ரேஸின் 402 மீட்டர்கூட இந்த அளவில் 16 மீட்டர்தான். நாலைந்து வீட்டு வாசலுக்குள் அடங்கிவிடும்.

கஷ்டம் செய்வதில் இல்லை, தெரிந்துகொள்வதில்தான். கிட்டில் கேள்விக்கே இடமில்லை, எல்லாம் தாளில் இருக்கிறது. சோழவரத்துக் காரைச் செய்ய வேண்டுமானால் கேட்டாக வேண்டும். பம்பரை எடுத்தார்களா? சீட்டை எங்கே தள்ளினார்கள்? சைலன்சர் எந்தப் பக்கம் வந்தது? இதைச் சொல்லக்கூடியவர்கள் அன்று அந்தக் கார்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர்கள். அவர்களில் பலருக்கு இன்று அறுபதுக்கு மேல் இருக்கும். கார்களில் பல பழைய இரும்புக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது வீட்டு ஆல்பங்களில் உள்ள சில புகைப்படங்களும் அவர்கள் ஞாபகமும்தான்.

ஸ்கேல் மாடல் என்பது கையால் எழுதும் ஒரு வரலாறு. தெரியாத இடத்தைப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தால் மூடிவிடலாம். மாடலில் முடியாது. சைலன்சர் ஏதாவது ஒரு பக்கம் வந்தே ஆக வேண்டும்.

ஆகவே மாணவன் முதல் மாடலுக்கு அமெரிக்க கிட்டையே வாங்கட்டும். ஒட்டவும் தேய்க்கவும் கை பழகட்டும். இரண்டாவது மாடலுக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு பழைய போட்டோவோடு தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பெரியவரிடம் போகட்டும். அவர் இருக்கும்போதே போகட்டும்.