சிக்ஸருக்குக் காசு சேர்க்கிறோம், பந்து வீச யார் இருக்கிறார்?



நமதூர் கழகம் அடுத்த பருவத்துக்கு யாரை எடுப்பது என்று ஒரு வாரமாக வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. "அவர எடுப்பம், நல்லா அடிப்பார்" என்பதுதான் எல்லோருடைய யோசனையும். வெளியூரிலிருந்து மூன்று துடுப்பாட்ட வீரர்களைக் கொண்டுவர நிருவாகம் காசு சேர்க்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் உள்ள சகோதரர்களிடமும் கேட்டிருக்கிறது. பட்டியலில் ஒரு பந்துவீச்சாளரின் பெயர்கூட இல்லை.

நாங்கள் இதை எதிர்க்கிறோம்.

கடந்த பருவத்தில் நமக்கு ஓட்டங்கள் குறையவில்லை. கடைசி மூன்று ஓவர்களில்தான் போட்டிகள் கைவிட்டுப் போயின. வைட், நோபோல், இடுப்பளவில் புல்டோஸ். மைதானத்தில் நின்ற எல்லோரும் பார்த்ததுதானே?

நாட்டு அணிக்கும் இதே கதைதான். 2023 உலகக் கிண்ணத்தில் ஹைதராபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இலங்கை 344 ஓட்டங்கள் எடுத்தது. குசல் மெண்டிஸும் சதீர சமரவிக்ரமவும் சதம் அடித்தார்கள். பாகிஸ்தான் 4 விக்கெட்டுகளை மட்டும் இழந்து வென்றுவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்னர் டெல்லியில் தென்னாபிரிக்காவுக்கு 428 ஓட்டங்களைக் கொடுத்தோம். நாம் 326 எடுத்தும் பலனில்லை.

2014 ரி20 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். விராட் கோஹ்லி 77 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 130ஐத் தாண்டவில்லை. கடைசி ஓவர்களில் மாலிங்கவும் குலசேகரவும் அடிக்க இடம் கொடுக்கவில்லை. கிண்ணம் நமக்கு வந்தது. 2006 சம்பியன்ஸ் கிண்ணத்தில் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளை 80 ஓட்டங்களுக்குச் சுருட்டியவர் நமது சமூகத்துப் பிள்ளை பர்வீஸ் மஹ்ரூப். 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்.

"சனம் சிக்ஸர் பார்க்கத்தானே வருது" என்கிறார்கள். வரட்டும். ஆனால் அடிக்கிறவரைப் போட்டிக்கு முதல் நாள்கூடக் கூட்டி வரலாம். பந்துவீச்சாளரை அப்படிக் கொண்டுவர முடியாது. ஓட்டத்தைச் சீராக்க, ஸ்டம்புக்கு முன்னால் பழைய சப்பாத்து ஒன்றை வைத்து யோக்கர் பழக, மாதக்கணக்கு வேண்டும். அந்த மாதங்கள் இவைதான். இப்போது விட்டால் சுற்றுப்போட்டி தொடங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு விடயம். பாடசாலையில் 10ஆம், 11ஆம் வகுப்புகளில் நல்ல வேகத்தில் வீசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கழகம் எப்போது கூப்பிடுகிறது? ஆள் குறையும் அன்று மட்டும். பயிற்சியும் இல்லை, ஓய்வும் இல்லை, ஒரே நாளில் மூன்று போட்டி. இந்த வயதில் அளவுக்கு மீறி வேகமாக வீசினால் இடுப்புப் பக்க முதுகெலும்பில் முறிவு ஏற்படலாம். இறுதிப் போட்டியன்று மாலையே வெளியூர் வீரர் காசோடு போய்விடுவார். முதுகுவலியோடு பரீட்சை மண்டபத்தில் இருக்கப் போவது நமது பிள்ளை.

நாங்கள் கேட்பது மூன்றே மூன்று:

1. சேரும் காசில் பாதியைப் பந்துவீச்சுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒரு மெற்றிங் விரிப்பு, ஒரு வலை, வாரத்தில் இரண்டு நாள் வரக்கூடிய ஒரு பயிற்றுவிப்பாளர்.

2. வெளியூரிலிருந்து ஒருவரை எடுத்தே ஆகவேண்டுமென்றால், கடைசி ஓவர் வீசத் தெரிந்தவராகப் பாருங்கள். அவர் நம் பிள்ளைகளுக்கும் பழக்கிக் கொடுக்கட்டும்.

3. பாடசாலைப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று எழுதி வைத்து, அதன்படி நடங்கள்.

வெயிலில் உழைத்துக் காசு அனுப்பும் சகோதரர்களே, அது நிருவாகத்தின் கையில் இருக்கும் அமானிதம். அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் பந்துவீச்சுக்கு எவ்வளவு?" பதில் வந்த பிறகு அனுப்புங்கள்.