மருந்தின் டோஸைக் குறைத்துப் பார்க்க யார் பணம் தருவார்கள்? ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் நிர்வாகம் உங்களுக்கு ஏன் முக்கியம்

ஒரு புற்றுநோய் மருந்து வேலை செய்கிறது என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் விலை லட்சக்கணக்கில். அதே மருந்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தால் பலன் கிடைக்குமா? இதை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? மருந்து கம்பெனியா? விற்பனை குறையப்போகிற ஆய்வுக்கு அவங்க ஏன் பணம் போடணும்?

மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேர் பங்கேற்ற ஆய்வு அது. ஒரு பிரிவுக்குக் குறைந்த செலவிலான மாத்திரை சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். ஓராண்டுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3%, இரண்டாவது பிரிவில் 43.4%. முடிவு 2022-ல் வெளியானது.

ஒரு எச்சரிக்கை: இது ஒரே மையத்தில் நடந்த சிறிய ஆய்வு. முழு டோஸோடு ஒப்பிடவும் இல்லை. ஆனாலும், முழு டோஸுக்கு வழியே இல்லாத நோயாளிக்கு இது பெரிய விஷயம்.

இதில் நிர்வாகத்துக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி ஒன்று ஆய்வாக மாற நெறிமுறைக் குழு, புள்ளியியலாளர், ட்ரையல் ஒருங்கிணைப்பாளர், நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க ஆட்கள் என எல்லாம் வேண்டும். இவர்களுக்கெல்லாம் மாதாமாதம் சம்பளம் போக வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வதுதான் மைய இயக்குநரின் வேலை.

1941-ல் தொடங்கிய டாடா மெமோரியல், 1962 முதல் சுகாதாரத் துறையில் இல்லை. அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. மருத்துவமனை, ஆராய்ச்சி, கல்வி மூன்றும் ஒரே நிர்வாகத்தில் வந்ததால், நீண்டகால ஆய்வுகளுக்கு இடம் கிடைத்தது.

இன்னொரு உதாரணம். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் முன்பு, கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் ஊசி போட்டால் நோய் திரும்புவது குறையுமா? பல் டாக்டர் மரத்துப்போகப் போடுவாரே, அதே வகை மருந்துதான். 11 மையங்களில் 1,600 பெண்கள் பங்கேற்றார்கள். ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 82.6%-லிருந்து 86.6% ஆனார்கள். 2011-ல் தொடங்கிய ஆய்வின் முடிவு 2023-ல் அச்சானது. பன்னிரண்டு வருஷம்! நடுவில் நிதி நின்றிருந்தால் இந்தப் பதிலே கிடைத்திருக்காது.

கொள்முதலும் நிர்வாகம்தான். 2012-ல் உருவான தேசிய புற்றுநோய் கட்டமைப்பு (நேஷனல் கேன்சர் கிரிட்) வழியாக 23 மையங்கள் சேர்ந்து 40 மருந்துகளை மொத்தமாக வாங்கியதில் மிச்சமான தொகை சுமார் 1,320 கோடி ரூபாய். இது எந்த லேபிலும் நடந்த கண்டுபிடிப்பு இல்லை. ஒரு டெண்டர், அவ்வளவுதான்.

சரி, மென்டார் எதற்கு?

ஓபியில் காலையிலிருந்து நோயாளிகளைப் பார்க்கும் இளம் மருத்துவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் கேள்வி இருக்கும், நேரம் இருக்காது. அதை எப்படி ஆய்வாக எழுதுவது என்று எம்.டி. படிப்பில் பெரிதாகச் சொல்லித்தருவதும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் டாடா மெமோரியலும் தேசிய புற்றுநோய் கட்டமைப்பும் 'கிரெடோ' என்ற பயிற்சிப் பட்டறையை நடத்துகின்றன. ஒரு யோசனையோடு வருபவர், மூத்த ஆய்வாளர்களோடு சில நாட்கள் உட்கார்ந்து அதை முழு ஆய்வுத் திட்டமாக எழுதிக்கொண்டு போகலாம்.

ஆனால் ஊருக்குத் திரும்பினால் அதே ஓபி, அதே கூட்டம். அமெரிக்காவில் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கான சில அரசு நிதிகளில், வேலை நேரத்தில் 75% ஆராய்ச்சிக்கே ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. வழிகாட்டி யார் என்பதையும் விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும். இங்கே வழிகாட்டுதல் பெரும்பாலும் அந்தந்த சீனியரின் நல்ல மனசைப் பொறுத்தது.

பிஎச்டி மாணவர்களின் நிலை இன்னும் சிக்கல். 2023 முதல் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் பல மாதம் தாமதமாகிறது என்ற புகார் அடிக்கடி எழுகிறது. கையெழுத்து, சிபாரிசுக் கடிதம், கட்டுரையில் பெயர் எல்லாமே ஒரே கைடு கையில் இருக்கும்போது, 'இந்த டேட்டா தப்பா இருக்கு சார்' என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மேலாளர் ஒருவரிடமே அப்ரைசலும் லீவும் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், இது புரியும். ஒருவருக்குப் பதில் இரண்டு மூன்று பேர் கொண்ட வழிகாட்டிக் குழு, வழிகாட்டுதலுக்கும் பதவி உயர்வில் மதிப்பெண் — செலவே இல்லாத தீர்வுகள் இவை.

என்ன மாறுகிறது?

2025 ஜூனில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளை மத்திய அரசு தளர்த்தியது. அரசின் ஜெம் தளத்துக்கு வெளியேயும் கருவிகள் வாங்க இயக்குநர்கள் அனுமதிக்கலாம். பொருள் வாங்குவது எளிதாகியிருக்கிறது. ஆட்களைத் தக்கவைப்பது எளிதாகவில்லை.

உங்களுக்கு என்ன?

2022 கணக்கின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் புதிய புற்றுநோயாளிகள். 9 லட்சத்துக்கும் மேல் மரணங்கள். நம் வீட்டுக்கு அது வரும்போது, டாக்டர் சொல்லும் சிகிச்சை நம்மால் வாங்க முடிகிற விலையில் இருக்குமா என்பது, பத்து வருஷம் முன்பு யாருடைய கேள்விக்கு யார் நேரம் ஒதுக்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்தமுறை உங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதி ஒரு புற்றுநோய் மையத்துக்குப் போகிறது என்று மெயில் வந்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: அது கட்டடத்துக்கா, உள்ளே வேலை பார்க்கும் ஆட்களுக்கா?