நாய்க்குப் போய் மாத்திரையா என்று கேட்டவர்களுக்கு



எங்கள் வீட்டு மணிக்கு வலிப்பு என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்த பதில்களைப் படித்து ராத்திரி தூக்கம் வரவில்லை. "வெறி பிடிச்சிருக்கும், தள்ளி இருங்க சார்" என்றார்கள். "சாவியைப் பக்கத்துல வைங்க" என்றார்கள். நெருங்கிய உறவு ஒருவர், "ஒரு ஊசியில முடிச்சு விட்டுருங்க" என்றார்.

வெறிநோய் வந்த நாய் சில நாட்களில் செத்துப்போகும். மணி வலிப்பு முடிந்த அரை மணியில் எழுந்து சோற்றுத் தட்டைத் தேடுகிறான், மூன்று வருடமாக! தெரியாத நாய் நுரை தள்ளினால் கிட்டே போகாதீர்கள், அது சரி. வருடம் தவறாமல் தடுப்பூசி போட்ட வீட்டு நாய்க்கும் அதே பேச்சு என்றால் எப்படி?

சாவி விஷயத்தில் நானும் குற்றவாளிதான். 1980களில் என் வகுப்பில் ஒரு பையன் வலிப்பு வந்து விழுந்தபோது அவன் கையில் பீரோ சாவியைத் திணித்தவன் நான். சாவியால் வலிப்பு நிற்காது. பெரும்பாலும் அது இரண்டொரு நிமிடத்தில் தானாக அடங்கும், பெயரைச் சாவி வாங்கிக்கொள்ளும். அந்தப் பையனைத் தேற்றியது கார்டினால் மாத்திரை. அதே பினோபார்பிட்டல்தான் இன்று மணிக்கும். 1912 முதல் மனிதர்கள் சாப்பிடும் மருந்து அது. நாய்க்குக் கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி., 12 மணிக்கு ஒரு முறை என்று ஆரம்பிப்பார்கள். பிறகு இரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்து டாக்டர் மாற்றுவார். முதல் இரண்டு வாரம் தள்ளாடுவான், தண்ணீர் நிறையக் குடிப்பான், பசி பசி என்பான். பயந்து நிறுத்தக் கூடாது. ஈரலுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. (மனிதருக்குக் கொடுக்கும் எல்லா வலிப்பு மாத்திரையும் நாய்க்கு ஆகாது. பினைடாயின் நாயின் உடம்பில் நிற்பதே இல்லை. வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள்.)

இதை எழுத எனக்கு என்ன தகுதி? ஆசிரியர் பயிற்சி முடித்தவன், அவ்வளவுதான். ஆனால் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஐந்து மாதம் வலிப்பே வரவில்லை. குணமாகிவிட்டது என்று நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் விடிவதற்குள் நான்கு முறை. கடைசி வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. சாக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். ஊசி போட்டுத்தான் அடங்கியது. "யார் நிறுத்தச் சொன்னது?" என்று என் மாணவன் வயசுப் பிள்ளை கேட்டபோது தலை குனிந்து நின்றேன்.

நம் நாமக்கல்லில் நாள் கணக்கு, வாரக் கணக்கு வைத்துக் கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கிறோம். பண்ணையில் அதைப் பார்த்து யாராவது சிரித்திருக்கிறோமா? முட்டை தருகிறது, அதனால் சிரிப்பு வரவில்லை. மணி காவல் காத்ததைக் கணக்குப் பார்க்க உங்களுக்கு மனசு வரவில்லை.

மாத்திரை விலையும் கேட்டார்கள். எனக்கு ஒரு நாள் டீச் செலவைவிடக் குறைவு. பென்ஷனில் தாங்கும்.

ஊசி யோசனை சொன்ன மாப்பிள்ளைக்கு: நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம், சாப்பிடலாம். அந்தப் பேச்சை மட்டும் என் திண்ணையில் இனி எடுக்காதீங்க. மணி எட்டாகிறது, மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். மீதியை நாளை எழுதுகிறேன்.