நோக்குளிசையும் ஒரு குவளை நீரும்

சவுத்தால் பிராட்வேயில் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தாலும் நோக்குளிசை வாங்கிவிடலாம். மருந்தகமல்லாத கடைகளில் பரசிற்றமோல், அஸ்பிரின் ஆகியவற்றை ஒரு பெட்டிக்கு 16 குளிசைகளுக்கு மேல் விற்கலாகாது என்ற விதி 1998 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. மட்டுமீறி விழுங்கி உயிரிழப்போரைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆயினும் மட்டுமீறாமலே ஊறு விளைவிக்கக்கூடிய குளிசைகளும் உண்டென்பதை எம்மவருட் பலர் அறியார்.

அஸ்பிரின், இபுபுரோபன் வகைகள் வயிற்றைப் புண்ணாக்கும் என்பது ஓரளவு தெரிந்த செய்தி. உணவுக்குழாய்க்கு வரும் கேடோ அதிகம் பேசப்படாதது. போதிய நீரின்றி விழுங்கிய குளிசை, நெஞ்சினுள் பெருநாடி வளைந்து உணவுக்குழாயை அழுத்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அங்கேயே கரைந்து மென்சவ்வைப் புண்ணாக்கிவிடும். பின்னர் நெஞ்செலும்பின் பின்னால் எரிவு. எச்சில் விழுங்கவும் நோவு. மாரடைப்போ என்று அஞ்சுவோரும் உளர். அந்த ஐயம் எழுந்தால் 999ஐ அழைப்பதே முறை. குளிசையின் மீது பழியைப் போட்டுவிட்டுக் காத்திருத்தல் ஆபத்தானது.

இதனை நாம் இங்கு எழுதுவதற்குக் காரணமுண்டு. இரவுவேலை முடித்து விடியலில் வீடு திரும்பி, முதுகு நோவுக்கு இரண்டு குளிசைகளை ஒரு மிடறு தேநீருடன் விழுங்கி, உடனே படுக்கையிற் சாய்வது எம்மவர் பலரின் அன்றாட வாழ்க்கை. போர் விட்டுச்சென்ற பழைய காயங்களின் நோவை அடக்க ஆண்டுக்கணக்காகக் குளிசை விழுங்குவோரும் எம்மிடையே உளர். விரத நாளில் வெறுவயிற்றில் இபுபுரோபன் எடுப்போரையும் கண்டிருக்கிறோம்.

குளிசையை நிமிர்ந்திருந்து ஒரு முழுக்குவளை நீருடன் விழுங்குங்கள். அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். இபுபுரோபனை உணவுடன் எடுங்கள். இரத்த வாந்தியோ தார் போன்ற கரிய மலமோ கண்டால் உடனே அவசர சிகிச்சையை நாடுங்கள்.

நோவு ஓயாதிருந்தால் மருத்துவரிடம் செல்வதே வழி. வதிவிட அனுமதி கிடைக்கவில்லையே என்று தயங்குவது வீண். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிவுசெய்ய அகதி விண்ணப்பத்தின் முடிவு தேவையில்லை. கடவுச்சீட்டு இல்லை என்பதற்காக எவரையும் மறுக்கலாகாது. மொழிபெயர்ப்பாளரையும் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாயின் நெஞ்சுநோவை ஆங்கிலத்திற் சொல்ல அழைத்துச் செல்லும் வழக்கம் இனியாவது நிற்கட்டும்.