பழைய பொட்டி சாகல, நாமதான் சங்கு ஊதுறோம்

பொட்டி தட்டுற நம்ம இனத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்குங்க. கல்யாண வீட்டுலயோ காதுகுத்துலயோ யாராவது சொந்தக்காரர் மெல்லப் பக்கத்துல வந்து, "தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற? வீட்ல இருக்கிற சிஸ்டம் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது, என்னன்னு பாரேன்" அப்படின்னு கேப்பார். நாம திருப்பிக் கேக்கிறது ஒரே கேள்வி: "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" எட்டு, பத்துன்னு பதில் வந்ததும் தீர்ப்பு ரெடி. "அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிடுங்க மாமா." சொல்லிட்டு பாயசம் பக்கம் போயிடுவோம்.

பொட்டியைத் திறந்து பாக்கல. என்ன கோளாறுன்னு ஒரு வார்த்தை கேக்கல. நாடி பிடிக்காம, வயசை மட்டும் கேட்டு மரணச் சான்றிதழ் எழுதுற டாக்டரை ஊர்ல விட்டு வைப்பாங்களா? நம்மளை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. ஏன்னா நாம இன்ஜினியர்!

இந்தப் பதிவு அந்தத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பொறுத்துக்கோங்க.

எது கிழடு தட்டிப் போச்சு?

மடிக்கணினியில வர்ற சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தும். அதாவது செகண்டுக்கு 90. ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். வேணுங்கிற தகவல் ஹெட்டுக்குக் கீழ வந்து சேர சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும், அது 5.5 மில்லி செகண்ட். ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னொரு பத்துப் பன்னெண்டு. கூட்டிப் பாருங்க. சிதறிக் கிடக்கிற ஃபைல்களைப் பொறுக்கணும்னா செகண்டுக்கு அறுபது, எழுபது தடவைக்கு மேல அந்தத் தட்டால முடியாது. ஆனா விண்டோஸ் 10 எழுந்து உக்கார்றதுக்குள்ள ஆயிரக்கணக்குல பொறுக்க வேண்டியிருக்கு. அதே வேலைக்கு எஸ்எஸ்டி எடுத்துக்கிறது தடவைக்குக் கிட்டத்தட்ட 0.1 மில்லி செகண்ட். அதுல சுத்தறதுக்கும் ஒண்ணும் இல்ல, நகர்றதுக்கும் ஒண்ணும் இல்ல.

நம்பிக்கை இல்லேன்னா அந்த 'செத்துப்போன' பொட்டியில டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. சிபியு 10 சதவீதத்துல ஈ ஓட்டிட்டு இருக்கும். டிஸ்க் 100 சதவீதத்துல மூச்சு வாங்கிட்டு இருக்கும். கிழடு தட்டினது ஒரு பாகம். அதைக் கழட்ட பெரும்பாலும் நாலு திருகாணி. இதுக்காக மொத்தப் பொட்டியையும் எரிக்கச் சொல்றது என்ன நியாயம்? சைக்கிள் டயர் தேஞ்சா சைக்கிளையேவா காயலான் கடையில போடுவோம்?

"அதெல்லாம் பழசுல செட் ஆகாது பாஸ்"

இதுதான் நம்மாளுங்களோட அடுத்த அஸ்திரம். ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்போம்.

1. "பழைய போர்டு, சாட்டா 2தான், எஸ்எஸ்டி போட்டாலும் வேஸ்ட்." சாட்டா 2 செகண்டுக்கு 300 எம்பி வரைக்கும் தாங்கும். புது எஸ்எஸ்டியோட உச்ச வேகம் கிடைக்காதுதான். யாருக்கு வேணும் உச்ச வேகம்? மேல சொன்ன 16 மில்லி செகண்டுக் காத்திருப்பு போச்சுல்ல, அதுதான் ஆதாயம்.

2. "சைஸ் சேராது." 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கினா சேரும். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், எஸ்எஸ்டி 7 மிமீ. ஆடினா ஓரத்துல ஒரு அட்டைத் துண்டு வச்சா போதும். எம்.2 என்விஎம்இ வாங்கி பத்து வருஷத்துக்கு முந்தின போர்டுல அடாப்டர் போட்டு மாட்டுனா, பல போர்டுகளோட பயாஸ் அதுலேர்ந்து பூட் ஆகாது. அது வாங்கினவர் தப்பு, பொட்டி மேல பழி போடாதீங்க.

3. "மாட்டினேன், நீலத் திரை வருது." 0x0000007B-யா? பயாஸ்ல ஐடிஇ, ஏஹெச்சிஐ ரெண்டுல எதுல இருந்தப்ப விண்டோஸ் போட்டாங்களோ, அதுல வச்சுப் பாருங்க. புதுசா விண்டோஸ் போடுறதா இருந்தா முதல்லயே ஏஹெச்சிஐ-க்கு மாத்திட்டுப் போடுங்க. இதுக்குப் போய் மதர்போர்டு போச்சுன்னு சொன்னவங்களை நானே பாத்திருக்கேன்.

4. "பெரிய டிஸ்க் போட்டா முழுசா காட்ட மாட்டேங்குது." ரொம்பப் பழைய பொட்டியில 137 ஜிபியோட நின்னா, அது 28 பிட் முகவரிக் கணக்கு. 2-இன் 28ஆம் அடுக்கு, பெருக்கல் 512 பைட். 2002-ல வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 1லேயே விண்டோஸ் பக்கம் இதுக்கு வழி வந்துடுச்சு. 2 டிபிக்கு மேல போகலைன்னா அது எம்பிஆர் பார்ட்டிஷனோட எல்லை. ரெண்டும் கணக்குதான், சாபம் இல்ல.

5. "ராம் பத்தல." அப்போ ராம் போடுங்க! டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆன்னு பாத்துட்டு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போங்க. அங்க செகண்ட் ஹேண்ட் ராமுக்குத் தனி உலகமே இருக்கு.

யாரு காசுங்க அது?

எங்க ஊர் தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து அதுல வர்ற காசுலதான் ரெண்டு பசங்க படிப்பு ஓடுது. ஒருநாள் காலையிலேர்ந்து எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல'ன்னு எச்சரிக்கை. சர்வீஸ்காரர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, "போர்டு வீக் ஆயிடுச்சுக்கா, புதுசுதான் வாங்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அவங்க நகையை எடுத்து வச்சிட்டாங்க, அடகுக்கு.

கோளாறு என்ன தெரியுமா? மதர்போர்டுல இருக்கிற காசு சைஸ் பேட்டரி, சிஆர்2032, தீர்ந்து போச்சு. கரண்ட் போனதும் பொட்டியோட தேதி 2009-க்குப் போயிடுச்சு. வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்ப தேதி, முடிவு தேதி இருக்கும். 2009-ல நிக்கிற பொட்டி அதைப் பாத்துட்டு 'இன்னும் செல்லுபடி ஆகல'ன்னு கத்துது. வாட்ச் கடையில கிடைக்கிற ஒரு பேட்டரி, தேதி மாத்த ஒரு நிமிஷம். அவ்ளோதான். நகை வீட்டுக்குத் திரும்பிடுச்சு.

நம்ம சோம்பேறித் தீர்ப்புக்கு விலை இதுதாங்க. 'புதுசு வாங்குங்க'ன்னு சொல்ல நமக்குப் பைசா செலவில்லை. கேக்கிறவங்களுக்குத்தான் ரெண்டு மூணு மாச வருமானம். 2025 கடைசியில ராம், எஸ்எஸ்டி விலையெல்லாம் எப்படி எகிறுச்சுன்னு பாத்தோமே! டேட்டா சென்டர்காரங்க ஏஐ-க்காக மெமரியை அள்ளிட்டுப் போக, நம்ம ஜெராக்ஸ் கடை அக்கா ஏன் அதுக்கு மொய் வைக்கணும்?

2011-ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினி திட்டத்தை மறந்துடாதீங்க. லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதுல எத்தனை இன்னிக்குப் பரண்ல தூங்குது! பேட்டரி நிக்காது, சரி, சார்ஜரைச் சொருகியே வச்சுக்கலாம். டிஸ்க்கை மாத்தினா அந்த வீட்டுத் தங்கச்சி பைத்தான் கத்துக்க அது தாராளமா போதும்.

செத்த தேதியை யார் குறிச்சது?

விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5. டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா அனேகமா 8ஆம் தலைமுறை பிராசஸர் வேணும்னு நிபந்தனை. 8ஆம் தலைமுறை வந்ததே 2017 ஆகஸ்டில். ஆக, 2017 பொங்கலுக்கு ஆசையா வாங்கின பொட்டிக்கு நாலே வருஷத்துல 'தகுதி இல்லை' முத்திரை. அப்புறம் 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிஞ்சது. அன்னிக்கு ராத்திரி அந்தப் பொட்டிகள்ல ஒரு டிரான்சிஸ்டர்கூட கருகலைங்க. கருகினது ஒரு ஒப்பந்தம், அவ்ளோதான்.

மைக்ரோசாஃப்ட் பக்கமும் நியாயம் இருக்கு, இல்லேங்கல. 2015-ல வந்ததைப் பத்து வருஷம் பாத்துக்கிட்டாங்க. டிபிஎம் பாதுகாப்புக்கு உதவுதுங்கிறதும் நிஜம். அப்டேட் நின்ன விண்டோஸ்ல பேங்க் வேலை பாக்கச் சொல்லி யாருக்கும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஆனா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட காலக்கெடு வேற, இரும்போட ஆயுசு வேற. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி மக்களுக்குச் சொல்றது நாமதான்.

பிரவுசர், மெயில், யூடியூப், தமிழ்ல டைப் பண்றது, இவ்ளோதான் தேவைன்னா லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்க. ஐபஸ்ல எம்17என் சேர்த்தா தமிழ்99 ஜம்முனு ஓடும். டாலி வேணும், விண்டோஸ்ல மட்டும் ஓடுற கைரேகைக் கருவி வேணும்னா லினக்ஸைத் திணிக்காதீங்க, அது வேற வகை வன்முறை. அவங்களுக்கு விண்டோஸ் 10-க்கான நீட்டிப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரைன்னு அறிவிச்சிருக்காங்க. அதுக்குப் பிறகு அந்தப் பொட்டியை வேற வேலைக்கு மாத்தலாம்.

எப்போ விட்டுடணும்?

எல்லாத்தையும் கட்டி அழச் சொல்லல. 32 பிட் மட்டுமே தெரிஞ்ச பிராசஸர்னா பாதை முடிஞ்சிட்டே வருது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அதுல நேரடியா நிறுவ முடியாது. லினக்ஸ் 32 பிட்டுக்கு ஃபயர்பாக்ஸ் 144-தான் கடைசி. எக்ஸ்பியில பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்டும் வச்சு அழைப்பிதழ் அடிக்கிற டிடிபி கடைன்னா, நெட் வயரை உருவிட்டு நிம்மதியா ஓட்டட்டும். நெட்டோட எக்ஸ்பி? 2014 ஏப்ரலோட ஆதரவு முடிஞ்ச சமாச்சாரம் அது, வேண்டவே வேண்டாம்.

நாம ஏன் திறந்து பாக்க மாட்டேங்கிறோம்? எனக்குத் தெரிஞ்ச உண்மையான காரணம் பயம். ஒருதடவை தொட்டா, அப்புறம் அந்த வீட்டு மிக்சி ஓடலைன்னாலும் நமக்குத்தான் போன் வரும் :-) அந்தப் பயம் நியாயமானதுதான். அப்போ "எனக்கு நேரமில்ல மாமா"ன்னு நேரா சொல்லுங்க. அதுல அவருக்குக் காசு நஷ்டம் இல்ல. நம்ம சோம்பலை நிபுணர் கருத்து மாதிரி விக்கிறதுதான் மோசடி.

ஐநா சார்புல வந்த 2024 அறிக்கை ஒண்ணு, 2022-ல மட்டும் உலகத்துல 6.2 கோடி டன் மின்கழிவுன்னு சொல்லுது. முறைப்படி சேகரிச்சு மறுசுழற்சி ஆனதுக்குக் கணக்கு இருக்கிறது 22.3 சதவீதத்துக்குத்தான். மீதியில நம்ம தீர்ப்புகளும் கிடக்கு.

அதனால கைவசம் நாலு கேள்வி வச்சுக்குவோம் மக்களே. டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குதா? ராம் எவ்ளோ? தேதி சரியா இருக்கா? 64 பிட்டா? இந்த நாலுக்கும் பதில் தெரியாம 'தூக்கிப் போடு'ன்னு சொல்ற உரிமை எந்த இன்ஜினியருக்கும் கிடையாது. எனக்கும்தான்.

டிஸ்கி 1: டிஸ்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, "போட்டோவெல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா?" ஸ்மார்ட் அறிக்கையில 05, சி5 ரெண்டும் பூஜ்யம்னா குளோன்ஸில்லா போதும். எண் ஏறிட்டே போனா முதல்ல டிடிரெஸ்க்யூ, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

டிஸ்கி 2: நம்பவே முடியாத விலைக்கு 2 டிபி எஸ்எஸ்டின்னு விளம்பரம் பாத்தா நம்பாதீங்க. உள்ள சின்ன மெமரி சிப்பை வச்சுட்டு 2 டிபின்னு பொய் சொல்ற ரகம் அது. எதை வாங்கினாலும் எஃப்3 ஓட்டிப் பாத்துட்டு மாட்டுங்க.