சர்க்கரை ஸ்ட்ரிப்பும் காரைக்குடி வழியும்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பிளஸ் டூ மார்க் வந்திருக்கும். பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "கெமிஸ்ட்ரி எடுத்தா என்ன வேலை கெடைக்கும்?" நியாயமான கேள்வி. இந்த மாதம் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

பதிலைச் சர்க்கரை ஸ்ட்ரிப்பிலிருந்து தொடங்குகிறேன். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க மெடிக்கலில் விற்கும் ஸ்ட்ரிப் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளைகிற பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல் கரி மையாலோ மெல்லிய உலோகத்தாலோ இரண்டு மூன்று கோடுகள். அவைதான் மின்முனைகள். நுனியில் ஒரு நொதி காய்ந்திருக்கும். ரத்தம் பட்டதும் அது குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்கும். மிகச் சிறிய மின்சாரம் ஓடும்; மீட்டர் அதை அளந்து எண்ணாகக் காட்டும். 1962-இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் சொன்ன யோசனையிலிருந்து வளர்ந்தது இது. கரிக்கோடுகளைப் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில்தான் போடுகிறார்கள்; நம் ஊர்க் கடைகளுக்குத் துணிப்பை அச்சடிக்கிற அதே முறை!

மார்பில் ஒட்டி இதயத் துடிப்பைப் பார்க்கும் பேட்ச், வியர்வையில் உப்பை அளக்கும் பட்டை என்று இந்த உணரி (சென்சார்) துறை இன்று எங்கேயோ போய்விட்டது. இப்படிப்பட்ட வளையும் கருவிகளுக்கு உதவும், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1985-இல் பி.டெக். முடித்த அனந்த் தொடபலாபூர், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கரிமப் பொருள்களால் டிரான்சிஸ்டர் செய்யும் ஆய்வில் பெயர் பெற்று, 2001-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், காரைக்குடிக்குப் போனால் போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். ஸ்ட்ரிப்புக்குள் நடப்பது முழுக்க மின்வேதியியல். அங்கே உணரிகளில் பிஎச்.டி. செய்யலாம். பிளஸ் டூ முடித்ததும் சேர பி.டெக். படிப்பும் உண்டு.

பிஎச்.டி. வரை போகும் வழி இது: சுரண்டை அரசுக் கல்லூரியிலோ பக்கத்தில் வேறு கல்லூரியிலோ பி.எஸ்சி., அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் உள்ள கணக்குப்படி, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. திருப்பிக் கட்டவேண்டிய கடன் இல்லை இது.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் ஐந்து வருஷம் ஆகும். ஆய்வகத்தில் ஒழுங்காக வேலைசெய்த உணரி, வியர்வை பட்டதும் தப்புத்தப்பாகக் காட்டும்; மறுபடி முதலிலிருந்து. முடித்தவுடன் வேலை காத்திருக்காது. பலர் பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்கு (போஸ்ட்டாக்) போகிறார்கள். சிலர் கல்லூரிக்கு, சிலர் மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கு. பெண்பிள்ளை என்றால் நடுவில் "வயசு ஏறிக்கிட்டே போகுதே" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். அம்மா, அப்பா, அந்த நேரத்தில் பிள்ளை பக்கம் நில்லுங்கள்.

ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்களுக்கு: நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை விடுமுறையில் உதவித்தொகையோடு இரண்டு மாத ஆய்வுப் பயிற்சி தருகின்றன. உங்கள் பேராசிரியரிடம் இப்போதே விசாரியுங்கள். ஆய்வகங்களில் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் அனுபவத்தை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்