மருத்துவ நுழைவுத் தேர்வும் தோழர்களின் வீட்டுப் பிள்ளைகளும்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது. பிள்ளையைக் கோட்டாவுக்கு அனுப்புவதா, உள்ளூர்ப் பயிற்சி மையத்தில் சேர்ப்பதா, கைப்பேசி வழி வகுப்புக்குப் பணம் கட்டுவதா, ஓராண்டு வீட்டிலிருந்தே படிக்கச் சொல்வதா? ரயில்வே ஊழியர் குடியிருப்பிலும் ஆலைத் தொழிலாளர் தெருவிலும் எழும் இக்கேள்வி கட்சி உறுப்பினர்களின் வீடுகளிலும் எழுகிறது. நீட் தேர்வை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டு வீடு திரும்பும் தோழர், இரவில் மகளின் பயிற்சிக் கட்டணத் தவணையைக் கணக்கிடுவதைக் கண்டு சிலர் நகைப்பர். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. தேர்வு மே மாதத்தில் வந்துவிடும். அதை ஒழிக்கும் சட்டம் அதற்குள் வராது என்பது அவருக்குத் தெரியும்.

குடும்பத்தின் சொந்த விருப்பம் போலத் தோன்றும் இத்தேர்ந்தெடுப்பில், கையிலுள்ள பணம் பாதி விடையை முன்பே எழுதிவிடுகிறது. 2024-ஆம் ஆண்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வெழுதினர். நாடெங்கும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம்; அவற்றுள் அரசுக் கல்லூரி இடங்கள் சுமார் 56 ஆயிரம். நாற்பது பேருக்கு ஓர் அரசு இடம் என்பதே கணக்கு. அதே ஆண்டு பொதுப்பிரிவினர் தகுதி பெறுவதற்கு 720-க்கு 162 மதிப்பெண் போதுமானதாக இருந்தது. 600-க்கு மேல் பெற்றும் அகில இந்திய ஒதுக்கீட்டில் அரசு இடம் எட்டாமல் ஒரு தொழிலாளியின் பிள்ளை வெளியே நிற்க, 200 பெற்ற இன்னொருவர் லட்சக்கணக்கில் கட்டித் தனியார் கல்லூரிக்குள் நுழைய விதிகள் இடம் தருகின்றன. தகுதி என்னும் சொல்லுக்கு இப்படியொரு பொருள் எந்த நிகண்டிலும் இல்லை.

கோட்டாவின் வரலாறு இந்தச் சந்தை எப்படி உருவாயிற்று என்பதைக் காட்டும். ஒரு காலத்தில் அது ராஜஸ்தானின் தொழில் நகரம். ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சால், தசைச் சிதைவு நோயால் நடமாட்டம் குறுகிய நிலையில், 1980-களில் தம் வீட்டில் சில மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களுள் சிலர் ஐ.ஐ.டி.க்குத் தேர்வாயினர், ஊர் பேசிற்று. 1997-இல் அந்த ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். ஆலை போன ஊரில் பயிற்சி வகுப்பே தொழிலாயிற்று. வீடுகள் விடுதிகளாயின, கூடங்கள் மெஸ்ஸாயின. பொறியியலுக்கெனத் தொடங்கியது மருத்துவத்துக்கும் பரவி, இன்று பன்னாட்டு முதலீடு தேடிவரும் வணிகமாகி நிற்கிறது. 2023-இல் மட்டும் அங்கே 20-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில், வழக்கமான பயிற்சித் தேர்வுகளை இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைக்குமாறு மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டியதாயிற்று. ஒரு மாவட்ட ஆட்சியர் தேர்வுகளிடமிருந்து பிள்ளைகளைக் காக்க ஆணை பிறப்பிக்கும் நிலை வேறெந்த நாட்டிலேனும் உண்டா என்பது ஐயமே.

அங்கே விற்கப்படும் சரக்கு எது? பாடம் பெரும்பாலும் என்சிஇஆர்டி நூல்களில் உள்ளது; அவற்றின் விலை மிகக் குறைவு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 180 வினாக்களில் சரிபாதியான 90 உயிரியலுக்குரியவை. 2025-இல் தேர்வு நேரம் 180 நிமிடமாகக் குறைக்கப்பட்டதால் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமே உண்டு. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். இத்தகைய தேர்வு அறிவோடு சேர்த்து வேகத்தையும் பழக்கத்தையும் அளக்கிறது. எனவே பயிற்சி நிறுவனம் விற்பது வாரந்தோறும் மாதிரித் தேர்வு, விடைத்தாளைத் திருத்திப் பிழையைச் சுட்டும் ஆசிரியர், ஐயம் கேட்க ஆள், இரைச்சலில்லாமல் உட்கார ஓர் இடம் ஆகியவற்றைத்தான். இவற்றின் மீது அரசு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாங்குகிறது. பள்ளிக் கல்விக்கு இந்த வரி இல்லை. பயிற்சி என்பது வணிகம் என்று வரித்துறைக்குத் தெளிவாகத் தெரிகிறது. கல்வி அமைச்சகத்துக்குத்தான் தெரிவதில்லை.

இவ்வணிகம் பள்ளியையும் விழுங்குகிறது. பெயரளவில் ஒரு பள்ளியில் சேர்ந்து, வகுப்புக்கே செல்லாமல் பயிற்சி மையத்தில் நாளைக் கழிக்கும் ‘டம்மி’ சேர்க்கை டெல்லியிலும் ராஜஸ்தானிலும் ஊரறிந்த செய்தி. சிபிஎஸ்இ வாரியம் திடீர்ச் சோதனைகள் நடத்திச் சில பள்ளிகளின் இணைப்பை 2024-இல் விலக்கியது. ஆனால் நுழைவுத் தேர்வு ஒன்றே வாசலாக இருக்கும்வரை, பள்ளி ஆய்வகமும் ஆசிரியரும் வெறும் அலங்காரமாவதைச் சோதனைகளால் தடுக்க இயலாது. 2024-இல் பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டும் மறுதேர்வு நடக்கவில்லை என்பது தனிக் கதை.

பயிற்சி பற்றிய பேச்சில் மறக்கப்படுவது மொழி. தேர்வு 13 மொழிகளில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. பெரும் பயிற்சி நிறுவனங்களின் வகுப்போ ஆங்கிலத்திலும் இந்தியிலுமே பெரும்பாலும் நடக்கிறது. தமிழிலோ ஒடியாவிலோ அசாமியிலோ படித்த பிள்ளை முழுக் கட்டணம் செலுத்தினாலும் பாதி வகுப்பைத்தான் பெறுகிறது. 2018-ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. சிறுத்தை என்றோ சிவிங்கி என்றோ வர வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று ஆங்கில ஒலி அப்படியே தமிழெழுத்தில் நின்றது. தமிழ்ப் பிள்ளைக்கு அது பழத்தையன்றோ நினைவூட்டும்! ஒரு நிமிடத்தில் விடையளிக்க வேண்டிய தேர்வில் ஒரு சொல்லின் முன் பிள்ளை திகைத்து நிற்பதன் விலை என்ன என்பதை வினாத்தாள் தயாரித்தவர் எண்ணியிருக்க மாட்டார். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த தோழர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே இறுதியானது என்பது தேர்வின் விதி. பதின்மூன்று மொழிகளும் ஒன்றின் நிழலில்தான் நிற்கின்றன.

இந்நிலையில், கட்சி அமைப்புகள் இலவசப் பயிற்சி நடத்தலாமா என்ற விவாதம் கிளைக் கூட்டங்களில் அவ்வப்போது எழுகிறது. நடத்தினால் தேர்வையே ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று சில தோழர்கள் அஞ்சுகின்றனர். அவர்களின் கவலையில் நேர்மை உண்டு. முடிவு ஏற்கத்தக்கதாக இல்லை. ஒப்பந்தத் தொழில்முறையை ஒழிக்கக் கோரும் தொழிற்சங்கம், ஒப்பந்தத் தொழிலாளியின் வருங்கால வைப்புநிதி நிலுவைக்காக அலுவலகப் படியேறத்தான் செய்கிறது. அதனால் ஒப்பந்தமுறை நியாயமாகிவிட்டதென்று எவரும் கூறியதில்லை. தேர்வு ஒழியும்வரை காத்திருக்குமாறு பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்வதும், வசதியுள்ளவர் தம் பிள்ளையை மட்டும் அமைதியாகக் கோட்டாவுக்கு ஏற்றிவிடுவதும் அமைப்பின் விடையாக இருக்கக் கூடாது. இரண்டாவது பழக்கம் முதலாவதைவிட அதிகம் பரவியிருப்பதைத் தோழர்கள் அறிவார்கள்.

செய்ய வேண்டியது மலைப்பூட்டும் அளவுக்குப் பெரியதன்று. பெரும்பாலான சங்க அலுவலகங்கள் பகல் முழுதும் பூட்டியிருக்கின்றன. நாற்காலி உண்டு, மின்விளக்கு உண்டு. முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஓ.எம்.ஆர். தாளை நகலெடுக்க மிகச் சிறிய தொகையே ஆகும். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்கள், மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர் சங்கத் தோழர்கள், மொழிபெயர்ப்புப் பிழைகளை முன்னரே தொகுத்துத் தாய்மொழிக் கலைச்சொற் பட்டியல் ஆக்கித் தரக்கூடியவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளனர். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரத் தேர்வும், அன்று மாலையே திருத்தமும் நடந்தால், பயிற்சி நிறுவனம் விற்பதில் பெரும்பகுதி அங்கே கிடைத்துவிடும். மீதிப் பகுதியான ஓராண்டு வேலையின்றிப் படிக்கும் வசதியை எந்தச் சங்கமும் தர இயலாது. அதற்கான போராட்டம் பள்ளி இறுதி மதிப்பெண்ணையே அடிப்படையாக்கக் கோரும் போராட்டம். 2024 ஜூலையில் மேற்கு வங்கச் சட்டமன்றமும் கர்நாடகச் சட்டமன்றமும் நீட்டை எதிர்த்து நிறைவேற்றிய தீர்மானங்கள் அதற்கு வலுச்சேர்ப்பவை.

பதினொன்றாம் வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. அலுவலகச் சாவி எவரிடம் இருக்கிறது என்பதை அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ளலாம்.